ஓட்டுப் போட வந்த மச்சான்

வூப்பர்டால், ஜெர்மனி
27 ஆகஸ்ட் 1978

லாம்ப்ரோஸ் அண்ணனுக்கு,

கலிரோ அண்ணி நலமா? பையன் ஸ்தாதிஸ் நலமா? நானும் கோஸ்மாஸும் நலம். விளக்குத் தொழிற்சாலையில் எனக்கு இந்த மாதம் முழுக்கக் காலை ஷிப்ட்.

நலம் விசாரித்தாயிற்று, இனி விஷயத்துக்கு வருகிறேன். ஊரில் லீவு முடிந்து திரும்பிய அந்திகோனி நேற்று வீட்டுக்கு வந்தாள். கொண்டுவந்த பாலாடைக்கட்டியைப் பிரித்துக்கொண்டே, "உங்க அண்ணன் காப்பிக் கடையில ரிஸோஸ் படம் மாட்டியிருக்காரு. பெரிய படம், சட்டம் போட்டு. ஊர்த் தலைவர் தேர்தல்ல நிக்கிறானாம்ல" என்றாள். கோஸ்மாஸ் மேசைக்கு அந்தப் பக்கம் ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். அதன் பிறகு சாப்பிடவில்லை.

அந்தப் படத்தில் இருப்பவன் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா? ராணுவ ஆட்சி வந்த மறு வருஷம், களத்தில் கதிர் அடித்துக்கொண்டிருந்த என் புருஷனைப் போலீஸ்காரர்கள் இழுத்துப் போனபோது ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தவன். ராணுவம் நியமித்த ஊர்த் தலைவர். கோஸ்மாஸ் மாஸ்கோ ரேடியோ கேட்கிறான் என்று எழுதிக் கொடுத்தவன் அவன்தான். உள்ளங்காலில் இரும்புக் குழாயால் அடித்தார்கள். விடுதலையாகி பஸ்ஸை விட்டு இறங்கியவரால் ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அவரை வீடுவரை முதுகில் தூக்கி வந்தது யார்? நீ. ரிஸோஸை உயிரோடு விடமாட்டேன் என்று என் வாசலில் நின்று சொன்னது யார்? அதுவும் நீதான்.

இப்போது அவன் படத்துக்குக் கீழே நின்று காப்பி ஊற்றுகிறாய்.

"கடைக்காரன்னா எல்லார் படமும்தான் மாட்டுவான்" என்று அவரிடம் சமாதானம் சொல்லிப் பார்த்தேன். "அப்ப எதிர்த்து நிக்கிற தீமியோஸ் படத்த எங்க மாட்டியிருக்காரு உங்க அண்ணன்? கக்கூஸ்லயா?" என்று கேட்டார்.

படத்தை எடுத்துவிடு அண்ணா. வேறெதுவும் கேட்கவில்லை.

மினா


ஆனோ பெத்ரா, கிரீஸ்
8 செப்டம்பர் 1978

மினா,

உன் கடிதத்தைத் தலையில் கட்டோடு படித்தேன். ஏன் கட்டு என்று பிறகு சொல்கிறேன்.

ஆமாம், படம் மாட்டியிருக்கிறேன். ரிஸோஸ் யோக்கியன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. ஜீப்பையும் மறக்கவில்லை. ஆனால் எதிரே நிற்பவன் யார் என்று அந்திகோனி உனக்குச் சொன்னாளா? காத்ஸிஸ் வீட்டுத் தீமியோஸ். உள்நாட்டுப் போரில் கம்யூனிஸ்டுகள் தோற்றதும் தாஷ்கந்துக்கு ஓடியவன், இப்போது வெள்ளைச் சட்டையும் ரஷ்யப் பென்ஷனுமாகத் திரும்பி வந்து ஊரைத் திருத்தப் போகிறானாம்.

கெரில்லாக்கள் மலையிலிருந்து இறங்கி அப்பாவைக் கூப்பிட வந்தபோது உனக்கு நாலு வயது. அம்மா மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். எனக்குப் பன்னிரண்டு. "கழுதையோட ரெண்டு நாளு வா. மூட்டை தூக்கணும். அனுப்பிச்சிடறோம்" என்றார்கள். கழுதை மட்டும் திரும்பி வந்தது. அப்பாவைப் பனி உருகின பிறகு ஓடையில் கண்டெடுத்தோம். கழுத்தைப் பார்க்காதே என்று பாதிரியார் என் கண்ணைப் பொத்தினார். பொத்துவதற்குள் பார்த்துவிட்டேன். அந்தக் கூட்டத்தில் லாந்தர் பிடித்து நின்றவன் தீமியோஸ். அவன் முகத்தில்தான் வெளிச்சம் விழுந்தது, அதனால் இன்றைக்கும் எனக்கு அந்த முகம் மட்டும்தான் தெரியும்.

உன் புருஷன் காலுக்காக நான் துடித்தேன். உன் அப்பன் கழுத்துக்காக நீ துடிக்க மாட்டாயா?

கட்டு விஷயம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கடை நிறைய ஆள். கோஸ்மாஸின் அண்ணன் தாசோஸ் உள்ளே வந்தான். அவன் குடிப்பது எதிர்க்கடையில். வேண்டுமென்றே வந்து படத்தின் கீழே நின்றான்.

"லாம்ப்ரோ, மெழுகுவத்தி ஏத்தலியா? புனிதர் படம் மாதிரில்ல மாட்டியிருக்க."

"உங்க தீமியோஸுக்கு ஏத்து. செத்தவங்க நிறையப் பேரு அவனத் தேடிக்கிட்டிருக்காங்க."

"செத்தவன் எல்லாம் நல்லவன் ஆயிடுவானா?"

அதோடு விட்டிருக்கலாம். பேக்கரிக்கார பானோஸ் விடவில்லை. "தாஷ்கந்த் பொண்டாட்டிய எங்கடா விட்டுட்டு வந்தான் உன் தலைவன்?" என்றான். "ரிஸோஸ் மாமனாரு யுத்தத்துல ஜெர்மன்காரனுக்கு ஆடு வித்துப் பணக்காரன் ஆனவன்தானே" என்றான் தாசோஸ். அவன் சித்தப்பா, இவன் மாமன், அவன் தாத்தா என்று போய்க்கொண்டே இருந்தது. அதற்கு மேல் இழுக்க ஆள் இல்லாமல் போனபோது நாற்காலி பறந்தது. நெற்றியில் தையல் போட்டிருக்கிறார்கள். நான் தட்டால் அடித்ததில் தாசோஸின் முன்பற்கள் தரையில் விழுந்தன. கலிரோ கண்ணாடிச் சில்லோடு சேர்த்துப் பெருக்கித் தள்ளினாள்.

படம் இருக்கும்.

லாம்ப்ரோஸ்


வூப்பர்டால்
20 செப்டம்பர் 1978

அண்ணா,

உன் கடிதத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அவர் எடுத்துப் படித்துவிட்டார். மறுநாள் தொழிற்சாலையில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ரயில் டிக்கெட்டோடு வீட்டுக்கு வந்தார். ஓட்டுப் போட ஊருக்கு வருகிறார்.

"ஒரு ஓட்டுக்காக இவ்வளவு தூரமா?" என்றேன். "ஓட்டுக்கு இல்ல. அந்த ஆளு ஜெயிச்சு மறுபடி அந்த நாற்காலியில உக்காந்தான்னா, நான் அடி வாங்கினதே நடக்கலன்னு ஆயிடும்" என்றார்.

அப்பா முகம் எனக்கு ஞாபகம் இல்லை. அதைச் சொல்லி என்னை அடிக்காதே. ஞாபகம் இருப்பவனுக்கு ஒரு வலி என்றால் இல்லாதவளுக்கும் ஒன்று உண்டு. ஒன்று மட்டும் கேட்கிறேன், நியாயம் பேசுவதாக நினைக்காதே. லாந்தர் பிடித்தபோது தீமியோஸுக்கு என்ன வயது? நம் ஸ்தாதிஸைவிடச் சின்னவனாக இருந்திருப்பான் இல்லையா?

உன் வீட்டில்தான் தங்க வேண்டும் என்று அவரிடம் வாக்கு வாங்கியிருக்கிறேன். தாசோஸ் வீட்டுக்கு அனுப்பாதே, அந்த மனிதர் நெருப்பில் எண்ணெய் ஊற்றுவார். உன் வேட்டைத் துப்பாக்கியைப் பூட்டி வை. ஸ்தாதிஸுக்குத் தோல் ஜாக்கெட் கொடுத்தனுப்புகிறேன். ஏழு வயதுவரை என் இடுப்பில் வளர்ந்தவன், அத்தைக்கு நாலு வரி எழுதக்கூடாதா என்று கேள். எனக்கென்று ஒரு பிள்ளை இருந்தால் இவ்வளவு கெஞ்ச மாட்டேன்.

மினா


ஆனோ பெத்ரா
4 அக்டோபர் 1978

மினா,

உன் வீட்டுக்காரர் வந்த கதையை நானே எழுதிவிடுகிறேன். தாசோஸ் எழுதினால் வேறு மாதிரி இருக்கும்.

பஸ் நிறுத்தத்துக்குப் போய்ப் பெட்டியை வாங்கினேன். கட்டிப்பிடித்துக்கொண்டோம். கலிரோ ஆட்டுக்கறியை உருளைக்கிழங்கோடு அடுப்பில் வைத்திருந்தாள். ரெண்டு பேரும் நன்றாகக் குடித்தோம். அப்புறம் அவர் சொன்னார்: "படத்த எடுத்துடு மச்சான். நான் இருக்கிற வரைக்கும். போனப்புறம் மாட்டிக்க."

"நீ தீமியோஸ் வீட்டுப் படி ஏறாம இரு. நீ போற வரைக்கும்."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தோமே தவிர நான் படத்தை எடுக்கவில்லை, அவரும் சரி என்று சொல்லவில்லை. காலையில் எழுந்தபோது பெட்டி இல்லை. தாசோஸ் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஞாயிறு அன்று சதுக்கத்தில் கூட்டம். ரெண்டு கட்சியும் வந்திருந்தது. கோஸ்மாஸ் தேவாலயப் படியில் உட்கார்ந்து ஷூவையும் காலுறையையும் கழற்றினார். பாதங்களைத் தூக்கிக் காட்டினார். பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பானோஸ், "ஜெர்மன் ஷூ கடிச்சிருக்கும்" என்று கத்தினான். எங்கள் பக்கம் பாதிப் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை, இதை நீ நம்ப வேண்டும்.

அடுத்து தீமியோஸ் பேச எழுந்தான். நான் முன்னால் போய்க் கேட்டேன்: "எங்க அப்பனக் கூட்டிட்டுப் போனப்ப லாந்தர் பிடிச்சது நீதானே?"

மறுப்பான் என்று நினைத்தேன். அவன் என்னையே பார்த்துச் சொன்னான்: "நான்தான். எனக்குப் பதினேழு வயசு. வழியில உங்கப்பா தண்ணி கேட்டாரு. குடுத்தேன். அதுக்கு மேல என்னால எதுவும் பண்ண முடியல. பண்ணவும் இல்ல."

வாழ்நாள் முழுக்க இந்தப் பதிலுக்குத்தான் காத்திருந்தேன் மினா. அவன் ஒரு படி இறங்கி என் பக்கம் வந்தான். எதற்கு வந்தான் என்று தெரிந்துகொள்ள முடியாமல் போனது. ரிஸோஸ் பின்னாலிருந்து, "கேட்டீங்களா, கொலைகாரன் அவன் வாயாலயே ஒத்துக்கிட்டான்" என்று கூவினான். கல் விழ ஆரம்பித்தது. என் கடைக் கண்ணாடி ஒன்றுகூட மிஞ்சவில்லை. கடையை மறைத்து நின்ற ஸ்தாதிஸின் கையை தாசோஸ் மண்வெட்டிக் காம்பால் அடித்து உடைத்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. கோஸ்மாஸ் வெறுங்காலோடு ஓடி வந்து தன் அண்ணனைப் பின்னால் இழுத்தார். அதையும் எழுதுகிறேன்.

துப்பாக்கியைப் பூட்டி வைக்கச் சொன்னாய். வீட்டில் பூட்டித்தான் வைத்திருந்தேன். இப்போது கடையில், கல்லாவுக்குக் கீழே இருக்கிறது.

உன் புருஷனைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்.

லாம்ப்ரோஸ்


வூப்பர்டால்
10 அக்டோபர் 1978

அண்ணா,

இது தேர்தல் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து சேருமா என்று தெரியவில்லை. அவசரத் தபாலில் போடுகிறேன். பேக்கரியில் இருக்கும் போனுக்கு அடித்தேன். பானோஸ் என் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டான். மறுபடி அடித்தேன், மறுபடி வைத்தான்.

உடனே வா என்று அவருக்குத் தந்தி கொடுத்தேன். 'ஞாயிறு கழித்து' என்று பதில் வந்தது.

துப்பாக்கியைக் கடையிலிருந்து எடு. ரிஸோஸ் ஜெயிக்கட்டும், தீமியோஸ் ஜெயிக்கட்டும், இரண்டு பேரும் நாசமாகப் போகட்டும். எனக்கு அண்ணன் ஒருவன், புருஷன் ஒருவர். அப்பா இல்லாத வீட்டில் எனக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தது நீ. அந்த எழுத்தில்தான் கெஞ்சுகிறேன். அவர் ஏதாவது சொன்னால் காதில் வாங்காதே. கோபம் வந்தால் அவர் நாக்கு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் அவரே வந்து வாசலில் நிற்பார்.

கடையைப் பூட்டிவிட்டு அன்றைக்கு மட்டும் எங்காவது போய்விடு.

மினா


லாரிசா சிறை
5 நவம்பர் 1978

மினா,

உன் அவசரக் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அப்போது நான் போலீஸ் நிலையத்தில் இருந்தேன். உறையைப் பிரித்து, படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள்.

அடக்கத்துக்கு நீ வந்ததாகக் கலிரோ சொன்னாள். இங்கே வருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதை எழுதுவது மன்னிப்புக் கேட்பதற்கு இல்லை. ரெண்டு கட்சிப் பத்திரிகையும் இங்கே வருகிறது. ஒன்றில் நான் திட்டம் போட்டுக் கொன்றேன் என்று இருக்கிறது, இன்னொன்றில் சிவப்புக் கும்பலிடமிருந்து உயிரைக் காப்பாற்றிக்கொண்டேன் என்று. கும்பலும் இல்லை, திட்டமும் இல்லை. அங்கே நாங்கள் ரெண்டு பேர் மட்டும்தான் இருந்தோம். நடந்ததை உனக்குச் சொல்ல வேறு யாரும் இல்லை.

பொழுது சாய்கிற நேரத்தில் பள்ளிக்கூடத்தில் எண்ணி முடித்தார்கள். தீமியோஸ் ஜெயித்தான், சொற்ப ஓட்டில். மணி அடித்தார்கள். கிளாரினெட் வாசித்துக்கொண்டு ஊர்வலம் கிளம்பியது. நான் கடைப் பலகைகளைப் போட்டுவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். கோஸ்மாஸ் பின்பக்கம் சமையல்கட்டு வழியாகத் தனியாக வந்தார். கொஞ்சம் குடித்திருந்தார், நிலைதடுமாறவில்லை.

"முடிஞ்சுது மச்சான். படத்த நானே இறக்கிடறேன். அவனுங்க உள்ள வந்து உடைச்சா உனக்குத்தான் அசிங்கம்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் வந்தார் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. நாற்காலி போட்டு ஏறினார்.

"கைய வெக்காத" என்றேன்.

"தோத்தவன் படத்த வெச்சு என்ன பண்ணப் போற?"

"எங்க அப்பனக் கொன்னவன் ஜெயிச்சுட்டான்னு காட்டத்தானே வந்த?"

நாற்காலியில் நின்றபடி திரும்பினார். "உங்க அப்பன ஏன் கொண்டு போனாங்கன்னு ஊருக்கே தெரியும், லாம்ப்ரோ. உனக்கு மட்டும்தான் தெரியாது. மலைக்குப் போனவங்க வீடு எது எதுன்னு போலீசுக்குக் கைகாட்டினது அவருதான். ரெண்டு வீட்ட உள்ள ஆளுங்களோட எரிச்சாங்க."

துப்பாக்கி என் கையில் இருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கு நினைவில்லை. அவர் பார்த்தார். இறங்கவில்லை. "சுடு. ரிஸோஸ் உனக்கு மெடல் குத்துவான்" என்றார்.

சுட்டேன். அடுப்பின் மேல் விழுந்தார். காப்பிப் பாத்திரங்கள் எல்லாம் அவர் மேல் கொட்டின. வயிற்றில் பட்டிருந்தது. நானே தூக்கிக்கொண்டு போய் மர லாரியில் ஏற்றினேன். ஊர்வலக்காரர்கள் விலகி வழி விட்டார்கள், அப்போது யாரும் என்னை அடிக்கவில்லை. டவுன் போகும் வரை அவர் தலை என் மடியில் இருந்தது. "காலு குளிருது மச்சான்" என்றார். என் கோட்டைக் கழற்றிக் காலில் சுற்றினேன். பாலத்தைத் தாண்டியதும் பேச்சு நின்றுவிட்டது.

அப்பாவைப் பற்றி அவர் சொன்னது உண்மையா என்று எனக்குத் தெரியாது. உண்மை என்றாலும் பொய் என்றாலும் நான் செய்தது ஒன்றுதான்.

லாம்ப்ரோஸ்


ஆனோ பெத்ரா
10 டிசம்பர் 1978

லாம்ப்ரோஸுக்கு,

உன் வீட்டில்தான் இருக்கிறேன். தெரிந்திருக்கும்.

தாசோஸ் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும், அதுதான் முறை. ஆனால் அடக்கத்தன்று சவப்பெட்டியின் மேல் கையை வைத்து தாசோஸ் சத்தியம் செய்தார்: "தம்பி, லாம்ப்ரோஸ் ஜெயில்ல இருந்தா என்ன, அவன் பையன் வெளியிலதான இருக்கான்." பாதிரியார் காது கேளாதவர்போல நின்றார். என் புருஷன் பெட்டிக்கு முன்னால் எனக்கு வந்த முதல் பயம் ஸ்தாதிஸைப் பற்றியது. அதற்காக என்னை நானே இன்னும் மன்னிக்கவில்லை. அன்று மாலை உன் வீட்டுக்கு வந்து அவன் அறைக்கு முன்னால் படுக்கையைப் போட்டேன்.

கலிரோ அண்ணியும் நானும் வெகு நாள் பேசவில்லை. ஒரே பானையில் சமைத்து ஆளுக்கொரு மூலையில் சாப்பிட்டோம். கடையை அவளால் கழுவ முடியவில்லை. வாசல்வரை போவாள், வாளியை வைத்துவிட்டுத் திரும்பி வருவாள். நானே போய்க் கழுவினேன். அடுப்புச் சுவரில் காப்பியும் ரத்தமும் ஒரே நிறமாகக் காய்ந்திருந்தது. எது எது என்று பிரிக்க முடியவில்லை, எல்லாவற்றையும் சுரண்டினேன். நாற்பதாம் நாள் படையலுக்கு அண்ணிதான் கோதுமை அவித்தாள். அன்றைக்குத்தான் பேசினோம்.

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். அதை விட்டுவிடுவோம். நேற்று ரிஸோஸ் அனுப்பிய வக்கீல் வந்தார். உனக்காக வாதாடப் போகிறாராம், பணம் வேண்டாமாம். அண்ணியிடம், "கோஸ்மாஸ் கத்தியோட உள்ள வந்தாரு. லாம்ப்ரோஸ் தன்னக் காப்பாத்திக்கத்தான் சுட்டாரு. நீங்க ஜன்னல் வழியா கத்தியப் பாத்தீங்க. இவ்வளவு சொன்னாப் போதும்மா, ரெண்டு மூணு வருஷத்துல வெளிய வந்துடுவாரு" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் புருஷன் கையில் கத்தி இருந்ததா? உன் கடிதத்தில் இல்லை. நீதிமன்றத்தில் இருக்குமா? இதற்கு மட்டும் பதில் எழுது.

மினா


லாரிசா சிறை
14 ஜனவரி 1979

மினா,

கத்தி இல்லை. ஒரு கையால் படத்தின் சட்டத்தைப் பிடித்திருந்தார், இன்னொரு கை சும்மா இருந்தது. நீதிமன்றத்திலும் இதைத்தான் சொல்வேன். வக்கீலைப் போகச் சொல்லிவிட்டேன்.

அதற்காக ரிஸோஸே நேரில் வந்தான். கம்பிக்கு அந்தப் பக்கம் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"நீ எனக்காகப் பண்ணினத நான் மறக்க மாட்டேன் லாம்ப்ரோ."

"உனக்காகப் பண்ணல."

"எல்லாருக்கும் அப்படித்தான் தெரியும். இப்ப நீ போயி, அவன் வெறுங்கையோட நின்னான், நான் சுட்டேன்னு சொன்னா, நம்ம கட்சி பூரா கொலைகாரக் கட்சின்னு ஆயிடும். யோசி. அந்த ஆளுக்கு அன்னிக்குக் கால்ல விழுந்த அடி கொஞ்சம் தலையிலயும் விழுந்திருந்தா உனக்கு இந்தக் கஷ்டமே வந்திருக்காது."

கம்பி வழியாக அவன் டையைப் பிடித்து இழுத்தேன். முகம் கம்பியில் மோதியது. மறுபடி இழுத்தேன். மூக்கு உடைந்ததா தெரியாது, சட்டை சிவப்பாகிவிட்டது. அறுபத்தெட்டில் செய்திருக்க வேண்டியதை இவ்வளவு தாமதமாகச் செய்ததில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. என்னைத் தனி அறையில் போட்டார்கள், அதனால்தான் பதில் தாமதம்.

ஸ்தாதிஸ் பார்க்க வந்தான். கை கூடிவிட்டது. பார்வைதான் சரியில்லை. "தாசோஸ் சாயங்காலம் ஆட்ட ஓட்டிட்டு எந்த வழியா வருவாருப்பா?" என்று சாதாரணமாகக் கேட்டான், பஸ் நேரம் கேட்கிறவன் மாதிரி. தாசோஸ் அவனைக் கொல்வான், இல்லை இவன் முந்திக்கொள்வான். அவனுக்கு அப்பா பெயரை வைத்தேன், இப்போது என் கதியும் சேர்ந்துவிடும் போலிருக்கிறது.

உன்னிடம் எதுவும் கேட்க எனக்கு வாய் இல்லை. அதனால் கேட்கவில்லை. நிலைமையை மட்டும் எழுதுகிறேன்.

லாம்ப்ரோஸ்


ஆனோ பெத்ரா
26 மார்ச் 1979

அண்ணா,

எழுத்து கோணலாக இருக்கும். வலது கையில் கட்டு, இடது கையால் எழுதுகிறேன்.

போன ஞாயிறு சதுக்கத்தில் கல்வெட்டுத் திறந்தார்கள். சலவைக்கல். 'ஜனநாயகத்துக்காக உயிர் கொடுத்த கோஸ்மாஸ்' என்று செதுக்கியிருந்தார்கள். தீமியோஸ் தலைவருக்குரிய பட்டையைக் குறுக்கே போட்டுக்கொண்டு பேசினார். எனக்கு முன்வரிசையில் நாற்காலி. கைதட்டினபோது திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ரிஸோஸ், தொப்பியைக் கழற்றிவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தான். மூக்கு வளைந்திருக்கிறது.

தீமியோஸிடம் போய், "இந்த ஆளு எப்படி இங்க?" என்று கேட்டேன்.

அவர் கூச்சப்பட்டார், அதை மறுக்க மாட்டேன். "காட்டு ரோடு வரணும் மினா. அவரு கையில நாலு உறுப்பினர் இருக்காங்க. துணைத் தலைவரா போட்டிருக்கோம். பழசையே எவ்வளவு நாளு தூக்கிக்கிட்டுத் திரியறது?"

"இத அக்டோபர்லயே சொல்லியிருந்தா என் புருஷன் ரயிலேறித் திரும்பி வந்திருப்பாரு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ரிஸோஸ் அவர் தோளில் கையைப் போட்டு, "பாவம், துக்கத்துல பேசுது, விடு" என்றான். அந்தக் கை அந்தத் தோளில் இருந்ததைப் பார்த்த பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை. கல் பதித்த கொத்தனாரின் சம்மட்டி பக்கத்தில் கிடந்தது. எடுத்து அடித்தேன். முதல் அடியில் கல்லில் என் புருஷன் பெயர் இரண்டாகப் பிளந்தது. போலீஸ்காரர் பிடிக்க வந்தார், சம்மட்டியைச் சுழற்றினேன், ஒதுங்கிக்கொண்டார். கல் தூளாகும்வரை அடித்தேன். கலிரோ அண்ணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் நாற்காலியை எடுத்து ரிஸோஸ் காலடியில் வீசினாள். பிறகு இருவரும் வீட்டுக்கு நடந்தோம்.

தம்பியின் கல்லை உடைத்துவிட்டேன் என்று தாசோஸுக்கு வெறி. மாலையில் ஊற்றுக்குப் பக்கத்தில் ஸ்தாதிஸை மடக்கிவிட்டார். சத்தம் கேட்டு ஓடினேன். பையன் மண்ணில் கிடக்கிறான், தாசோஸ் அவன் நெஞ்சில் முழங்காலை வைத்திருக்கிறார், ஆட்டுத்தோல் உரிக்கும் கத்தி கையில். தோளில் ஏற்கெனவே ஒரு வெட்டு. எனக்கு யோசிக்க நேரமில்லை. கத்தியின் அலகைப் பிடித்துக்கொண்டேன். அவர் இழுத்தார், நான் விடவில்லை. விரல்கள் எலும்புவரை போய்விட்டன.

"உன் புருஷனுக்காகத்தானடி செய்யறேன்" என்றார்.

"சாகறதுக்கு முன்னாடி அவரு ஒரு வார்த்தை பேசினாரு. யாரையாச்சும் கொல்லுன்னு சொல்லல. குளிருதுன்னு சொன்னாரு."

தாசோஸுக்கு இது தெரியாது. கத்தியை விட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். பல் இல்லாத வாயைத் திறந்து அழுதார். நான் ஆறுதல் சொல்லவில்லை. பையனைத் தூக்கிக்கொண்டு வந்தேன்.

ஸ்தாதிஸை ஜெர்மனிக்குக் கூட்டிப் போகிறேன். பாஸ்போர்ட்டுக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. நீ கேட்கவில்லை, நானும் உனக்காகச் செய்யவில்லை.

மினா


லாரிசா சிறை
22 மே 1979

மினா,

தீர்ப்பு வந்துவிட்டது. பதினான்கு வருஷம்.

நீதிபதி, "யாரைச் சுட்டீர்கள்?" என்று கேட்டார். "என் மச்சானை" என்றேன். "அவர் கையில் ஆயுதம் இருந்ததா?" "இல்லை." ரிஸோஸ் ஆட்கள் எழுந்து வெளியே போனார்கள், போகும்போது பானோஸ் என் பக்கம் துப்பினான். தீமியோஸ் ஆட்கள் கைதட்டினார்கள். எச்சிலைத் துடைத்துக்கொள்ள முடிந்தது. கைதட்டலை என்ன செய்வது என்று தெரியவில்லை.

கடையை விற்றுவிடச் சொல்லிக் கலிரோவுக்கு எழுதியிருக்கிறேன். பையன் சாப்பிடுகிறானா என்று ஒரு வரி எழுதினால் போதும்.

லாம்ப்ரோஸ்


வூப்பர்டால்
18 நவம்பர் 1979

அண்ணா,

சாப்பிடுகிறான். கிடங்கில் பெட்டி ஏற்றும் வேலை கிடைத்திருக்கிறது. ஜெர்மன் மொழியில் திட்டுவதற்கு மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறான்.

நேற்று நம்மவர்கள் சங்கத்தில் விருந்து. போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் எத்தனை நாள் அவனைச் சுவரைப் பார்த்து உட்கார வைப்பது. சாப்பாட்டுக்கு நடுவில் அரசியல் பேச்சு வந்தது. அடுத்த தேர்தலில் யார் நிற்கிறான், அவன் ராணுவ ஆட்சியில் எங்கே இருந்தான், இவன் அப்பன் யாரோடு குடித்தான் என்று அதே பேச்சு. பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் குடித்திருந்தான். எங்கள் மேசைக்கு வந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்: "புருஷனக் கொன்னவன் பிள்ளைக்குச் சோறு போடறியே, வெக்கமா இல்ல? டேய், உங்கப்பன் ஜெயில்ல யாரு காச தின்னுக்கிட்டிருக்கான், ரிஸோஸ் காசா?"

ஸ்தாதிஸ் எழுந்தான். ஒயின் பாட்டிலைக் கழுத்தில் பிடித்திருந்தான். மேசை ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டினால் போதும். அவன் முகத்தில் உன்னைப் பார்த்தேன், அடுப்புக்கு முன்னால் நிற்கிற உன்னை. அந்த மனிதன், "என்னடா, அடிப்பியா? உங்க குடும்பத்துக்கு அதுதான தெரியும்" என்றான்.

பையன் அந்த ஆளையே பார்த்தான். பிறகு பாட்டிலை மேசை மேல் வைத்தான், ஒயின் சிந்தாமல். என் பக்கம் திரும்பி, "அத்தை, என் கோட்டு எங்க?" என்று கேட்டான்.

வெளியே மழை. டிராம் நிறுத்தம்வரை நடந்தோம். நிறுத்தத்தில் அவன் வாந்தி எடுத்தான். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன்.

இது உனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் எழுதுகிறேன். உன்னை மன்னித்துவிட்டதாக எடுத்துக்கொள்ளாதே.

மினா